காற்று கொண்டுவந்த கப்பல்

வட அமெரிக்காவின் சுப்பீரியர் ஏரியில் புயற்காற்று வீசும், கரையில் முழங்கால் அளவுக்குப் பனி கொட்டும் என்று வானொலி சொன்னதுமே ஐலாவின் முகம் மலர்ந்துவிட்டது. பள்ளிச் சமையலறையில் அவளோடு வேலை செய்யும் டோரிஸ் அதைக் கவனித்தாள்.

"ஊரே காத்தைத் திட்டுது. உனக்கு மட்டும் கல்யாணக் களை வந்துடுச்சேடி."

ஐலா சிரித்தாளே தவிர மறுக்கவில்லை. அவள் கணவன் ரெய்னோ இரும்புத்தாது ஏற்றும் கப்பலில் எந்திரம் பார்ப்பவன். மார்ச்சில் ஏறினால் ஏரி உறைந்த பிறகுதான் வீடு திரும்புவான். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான். ஆனால் காற்று மிஞ்சினால் கப்பல்கள் அவர்கள் ஊர் வளைகுடாவில் ஒதுங்கி நங்கூரம் போடும்.

மாலையில் பனி சற்று விட்டபோது அவன் கப்பலின் விளக்குகள் தெரிந்தன. ஒரு மைல்கூட இருக்காது. ஆனால் அந்த அலையில் படகு இறக்க முடியாது. போன் அடித்தது.

"சமையலறை லைட்டைப் போடு."

போட்டாள். "தெரியுதா?"

"தெரியுது. ஜன்னல்ல நிழலாடுது. நீதானே?"

"பின்ன வேற யாரு? என்ன சாப்பிட்டீங்க?"

"காஞ்ச ரொட்டி. நீ?"

அடுப்பில் மீன் சூப் கொதிப்பதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. "இனிமேதான்," என்றாள்.

இருவரும் போனை வைக்கவில்லை. அவன் மூச்சு விடுவதைக் கேட்டபடி ஜன்னலருகே நின்றாள்.

காலையில் காற்று அடங்கி, கப்பல் கிளம்பியது. வாசல் பனியை வாரிக்கொண்டிருந்தவள், அது வளைகுடா முனையைத் தாண்டும்வரை பார்த்தாள். ஏரி உறைய இன்னும் ஆறு வாரம் இருந்தது.