புட்டா இருக்கட்டும்

மக்காச்சோளக் கதிரில் மணி வரிசைகள் இரட்டைப்படையில்தான் இருக்கும். பன்னிரண்டு, பதினான்கு, பதினாறு. பதிமூன்று வரிசைக் கதிரை நான் இதுவரை பார்த்ததில்லை, தேடாமலும் இருந்ததில்லை. கையில் கதிர் வந்தால் முதலில் எண்ணுவேன், அப்புறம்தான் கடிப்பேன். இப்போது கடிப்பதும் இல்லை. சொந்தப் பல் பதினொன்றுதான் மிச்சம், அதிலும் இரண்டு ஆடுகின்றன. எந்த இரண்டு என்று தினமும் காலையில் நாக்கால் சரிபார்த்துக்கொள்கிறேன்.

எழுபதுகளின் கடைசியில், நான் டெல்லியில் மத்திய அரசு குமாஸ்தாவாக இருந்தபோது, எனக்கு வயது இருபத்தொன்பது, பல் முப்பத்தொன்று. மேல்வரிசை நடுப்பல் ஒன்றைப் பஸ்ஸில் பறிகொடுத்திருந்தேன். டிரைவர் போட்ட பிரேக்கில் முன்சீட்டுக் கம்பி என் வாய்க்கு வந்தது. பல் டாக்டர் ஒற்றைப் பல் செட் ஒன்று செய்துகொடுத்தார். அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் ரோஸ் நிறத் தகடு, இருபுறமும் கம்பிக் கொக்கி, முன்னால் ஒரே ஒரு பல். பேசலாம், சிரிக்கலாம், கரும்பு, ஆப்பிள், சோளக்கதிர் மூன்றை மட்டும் முன்பல்லால் கடிக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

சொன்னது ஜூலை மாதத்தில். டெல்லியில் மழை தொடங்கியதும் தெருவுக்குத் தெரு புட்டா வண்டி வந்துவிடும். சுட்ட சோளக்கதிருக்கு அங்கே புட்டா என்று பெயர். முனிர்காவில் பஸ் ஸ்டாப்பிலிருந்து என் அறைக்குப் போகும் சந்துக்குள் மட்டும் ஏழு வண்டிகள். கரியடுப்பில் கதிரைப் போட்டு விசிறியால் விசிறுவார்கள்; பொறி பறக்கும்; மணிகள் பட்பட்டென்று வெடிக்கும். பிறகு பாதி எலுமிச்சம்பழத்தைக் கறுப்பு உப்பிலும் மிளகாய்த்தூளிலும் தொட்டுக் கதிரின் மேல் அழுத்தித் தேய்ப்பார்கள். அந்த வாசனையில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நான் ஏழு வண்டிகளையும் தாண்ட வேண்டும். என் அறையைப் பகிர்ந்துகொண்டிருந்த நண்பன், என்னைப் போலவே நாகர்கோவில்காரன், எனக்கு எதிரே நின்று வேண்டுமென்றே தின்பான்.

"ஒரு கடி கடியும்வே."

"வேண்டாம்."

"பல்லக் கழத்திச் சட்டப் பையில போட்டுட்டுக் கடியும். பல்லு பத்திரமா இருக்கும்லா."

பல் இல்லாமல் இருந்த மாதங்களில் எனக்குப் பார்த்த இரண்டு இடங்களும் தட்டிப்போயிருந்தன. ஒரு வீட்டார், பையனின் வயதைக் குறைத்துச் சொல்கிறீர்கள் என்று என் அப்பாவுக்கு எழுதியே விட்டார்கள். மூன்றாவது இடம் ஆர்.கே.புரத்தில். பெண்ணின் அப்பா தஞ்சாவூர்ப் பக்கம், டெல்லிக்கு வந்து இருபத்தைந்து வருடம் ஆனவர். பெண் டெல்லியிலேயே பிறந்தவள். போட்டோ வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அவளை நான் பார்த்திருக்கிறேன். அங்குள்ள மலை மந்திர் முருகன் கோயில் படியில் இறங்கும்போது காற்றில் அவள் குடை பின்பக்கமாக மடங்கிக்கொண்டது. வேறு யாராக இருந்தாலும் குடையைத் திட்டியிருப்பார்கள். அவள் நனைந்துகொண்டே, அந்தக் குடையைப் பூச்சாடி மாதிரி பிடித்துக்கொண்டு சிரித்தாள். நான் எண்ணிக்கொண்டிருந்த படிக்கணக்கு அந்த இடத்தில் விட்டுப்போனது. இந்த இடமும் தட்டிப்போனால் நான் என்ன ஆவேன் என்று எனக்கே பயமாக இருந்தது. அதாவது, ஒரு சாயங்காலம் முழுக்க அந்தப் பல் என் வாயிலேயே இருந்தாக வேண்டும்.

பெண்ணின் அப்பா ஆபீசுக்குப் போன் செய்தார். எங்கள் செக்ஷனில் போன் அதிகாரியின் மேஜையில் இருந்தது. பத்துப் பேர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் காது கொடுத்தார்கள். போனில் பாதிக்கு மேல் இரைச்சல்.

"பொண்ணு பார்க்கிற மாதிரி வேண்டாம் தம்பி. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் சும்மா தனியா வந்துட்டுப் போங்க. சொஜ்ஜி பஜ்ஜி எல்லாம் கூடாதுன்னு பொண்ணு சொல்லிட்டா. புட்டா இருக்கட்டும்னு நெனைக்கிறோம். உங்களுக்குப் பிடிக்குமா?"

தமிழ் வாயிலிருந்து வருவதைத் தமிழ்க் காது தமிழாகத்தான் கேட்கும். 'பலகாரம் புட்டாக இருக்கட்டும்' என்று நான் கேட்டேன். நாகர்கோவில்காரனுக்காகப் புட்டு அவிக்கிறார்கள். பூப்போல உதிரும் புட்டு. பல்லே தேவைப்படாத புட்டு. உலகத்தில் இத்தனை பலகாரம் இருக்க, கடவுளாகப் பார்த்துப் புட்டைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்.

"ரொம்பப் பிடிக்கும்," என்றேன்.

"எப்படி வேணும்? ஒவ்வொருத்தர் ஒவ்வொரு மாதிரி சாப்பிடுவாங்க."

"தேங்காய் நிறையத் துருவிப் போட்டு, சர்க்கரை தூவி, வாழைப்பழம் வச்சுப் பிசைஞ்சு சாப்பிடுவோம்."

"பிசைஞ்சா?" என்றார்.

"ஆமா. எங்க ஊரில் அப்படித்தான்."

"அச்சா," என்று இழுத்துவிட்டுப் போனை வைத்தார்.

அறை நண்பனுக்கு மட்டும் சந்தேகம். "தஞ்சாவூர்க்காரன் மாப்பிள்ளைக்குப் புட்டு அவிச்சத நான் கேட்டதில்லையேவே." நான் பொருட்படுத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை பல்லை மூன்று முறை சோப்புப் போட்டுக் கழுவி மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

அவர்கள் வீடு இரண்டாவது மாடியில். முதல் மாடி திரும்பும்போதே அந்த வாசனை வந்தது. பக்கத்து வீடாக இருக்கும் என்று நினைத்து ஏறினேன். கதவைத் திறந்த பெண்ணின் அப்பாவின் கையில் விசிறி இருந்தது. பால்கனியில் கரியடுப்பு. பக்கத்தில் முறத்தில் மட்டையோடு ஒன்பது கதிர்கள்.

"வாங்க தம்பி. புட்டா ரெடி ஆகிட்டே இருக்கு."

அந்த நொடியில் எனக்கு இந்தி புரிந்தது.

அந்த வீட்டில் சோளக்கதிர் ஒரு கட்சி விவகாரம். பெண்ணின் அப்பா கரிக் கட்சி. கறுப்பு உப்பும் எலுமிச்சையும் தவிர எதுவும் படக் கூடாது. ஆனால் கடிக்க மாட்டார். கட்டைவிரலால் ஒரு வரிசையை நெம்பி, மணி மணியாக உள்ளங்கையில் உதிர்த்து வாயில் போட்டுக்கொள்வார். அதுதான் பெரிய மனிதர்கள் சாப்பிடும் முறை என்றார். அம்மா கட்சியில் கதிரை உப்பும் மஞ்சளும் போட்டுக் குக்கரில் வேகவைத்து, உதிர்த்து, கடுகு, காய்ந்த மிளகாய், பெருங்காயம் தாளித்துச் சுண்டலாக்க வேண்டும். "கரியிலே சுட்டதைத் திங்க நாம என்ன பிக்னிக்கா வந்திருக்கோம்?" என்று அவர் அடுப்படியிலிருந்தே கேட்டார். பெண்ணுக்கு இரண்டும் இல்லை. காஸ் அடுப்புத் தீயில் நேராகக் காட்டி, கருகக் கருகச் சுட்டு, வெண்ணெய் தடவி, கீழ் வீட்டுப் பஞ்சாபி மாமியிடம் வாங்கிய கொத்தமல்லிப் பச்சைச் சட்னியைப் பூசிச் சாப்பிடுவாளாம்.

"வெண்ணெய் போட்டா அது புட்டாவே இல்ல," என்றார் அப்பா.

"நீங்க தோண்டித் தோண்டித் திங்கறதுதான் புட்டாவா பாபா? அது மூங்ஃபலி," என்றாள் அவள். வேர்க்கடலை என்ற அர்த்தத்தில்.

எனக்கு ஒரு சிறு நம்பிக்கை வந்தது. நானும் கட்டைவிரலால் உதிர்த்துத் தப்பித்துவிடலாம். அப்போது அம்மா ஒரு பெரிய எவர்சில்வர் தட்டை என் முன்னால் கொண்டுவந்து வைத்தார். நடுவில் சுட்ட கதிர் ஒன்று. ஒரு பக்கம் தேங்காய்த் துருவல் குவியல். ஒரு பக்கம் சர்க்கரை. கதிரை ஒட்டி இரண்டு வாழைப்பழம்.

"தேங்காய்க்கு இவர் ஐ.என்.ஏ. மார்க்கெட் வரைக்கும் போய்ட்டு வந்தார்," என்றார் அம்மா. "எங்களுக்கு இந்த முறை தெரியாது. நீங்க பண்ணுங்க, பார்த்துக்கறோம்."

மூவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். கதிரோடு வாழைப்பழத்தை ஒருவன் எப்படிப் பிசைவான் என்று பார்க்கும் ஆர்வம் மூன்று முகத்திலும் எரிந்தது. இந்த வயதில் என்றால், தப்பாகக் கேட்டுவிட்டேன் என்று ஒரு வாக்கியத்தில் முடித்திருப்பேன். அன்று, தேங்காய்க்காக ஒரு மனிதர் பஸ் ஏறிப் போயிருக்கிறார் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது. நேரம் கடத்துவதற்காகக் கதிரை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"என்ன பார்க்கறீங்க?" என்றாள் பெண்.

"பதினாலு வரிசை."

"கௌண்ட் பண்ணுவீங்களா?"

"எல்லாக் கதிரிலும் இரட்டைப்படைதான் வரும்."

அவள் நம்பவில்லை. தன் கதிரை எண்ணினாள்: பன்னிரண்டு. அப்பா தின்றுகொண்டிருந்ததைப் பிடுங்கி எண்ணினாள்: பதினான்கு. முறத்தில் இருந்ததையெல்லாம் மட்டை உரித்து எண்ணத் தொடங்கினாள். "பாபா, சச்முச். நெஜமாவே எல்லாம் ஜோடியா இருக்கு." அவள் முகத்தில் அந்தக் குடைச் சிரிப்பு வந்தது. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியாத தைரியம் பிறந்தது. வாழைப்பழத்தை உரித்து, நசுக்கி, கதிரின் மேல் சாந்து பூசுவது போலப் பூசினேன். அதைத் தேங்காய்த் துருவலில் உருட்டினேன். மேலே சர்க்கரையைத் தூவினேன். பார்க்க மெத்தை மாதிரி இருந்தது. மெத்தைதானே என்று கடித்தேன்.

க்ளிக் என்று ஒரு சத்தம். கதிரை வாயிலிருந்து எடுத்தேன். பல் வரவில்லை, அதாவது, என்னோடு வரவில்லை.

நல்லவேளை, அந்தக் காலத்து டெல்லிச் சோளம் வெளுத்த நிறம். இப்போதைய மஞ்சள் சோளமாக இருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். தகடு பழக்குழைவில் புதைந்து, பல் மட்டும் மணிகளுக்கு நடுவே ஒரு மணியாக உட்கார்ந்திருந்தது. நான் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"எப்படி இருக்கு தம்பி?"

தலையை ஆட்டினேன்.

"நல்லா இருக்கா? இல்ல தேங்காய் பத்தலையா?"

அதற்கும் தலையை ஆட்டினேன்.

"வாயத் தொறந்து பேச மாட்டேங்கறாரே," என்று அம்மா அப்பாவிடம் முணுமுணுத்தார். இந்த இடமும் போயிற்று என்று நினைத்தேன். பெண் என் கையிலிருந்த கதிரை உற்றுப் பார்த்தாள். கிட்டே வந்து குனிந்தாள்.

"இந்த லைன்ல ஒண்ணு மட்டும் பெரிசா இருக்கே," என்றாள்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் கதிரைப் பார்த்தாள், என் உதட்டைப் பார்த்தாள், மறுபடி கதிரைப் பார்த்தாள். அவள் தோள் குலுங்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து எனக்குள் என்னவோ அவிழ்ந்தது. வாயைத் திறந்துவிட்டேன்.

"நான் புட்டுன்னு நெனச்சுட்டேன்," என்றேன். பல் போன சந்து வழியாக அதில் பாதி காற்றாகப் போனது.

"புட்டுன்னா?" என்றாள் பெண்.

அம்மாவுக்குத்தான் முதலில் விளங்கியது. "அடப்பாவமே, புட்டா இருக்கட்டும்னு சொன்னதை அரிசிப் புட்டாவே எடுத்துக்கிட்டாரு," என்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா விசிறியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். சிரித்துக்கொண்டே சட்டென்று திரும்பி, தன் வாய்க்குள் விரலை விட்டு, மேல்வரிசை முழுவதையும் கழற்றி உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"உங்களுக்கு ஒண்ணுதான் தம்பி. இங்க பாருங்க. எண்ணிக்குங்க."

எண்ணினேன். பதினான்கு.

"அங்கயும் ஜோடிதான்," என்றேன். பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பொக்கை வாயோடு அவரும், சந்து விழுந்த வாயோடு நானும், ஒருவரை ஒருவர் பார்த்து மறுபடி மறுபடி சிரித்தோம். பெரிய மனிதர்கள் ஏன் உதிர்த்துச் சாப்பிடுகிறார்கள் என்பதும் விளங்கிவிட்டது. அம்மா, மிச்சத் தேங்காயைச் சுண்டலில் கொட்டிக் கிளறி ஆளுக்கொரு கிண்ணம் கொடுத்தார். அதற்கு மேல் கட்சிச் சண்டை நடக்கவில்லை. பெண் என் கதிரை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

நடுவில் பிடித்துக்கொண்ட மழை விட்டதும் விடைபெற்று இறங்கினேன். கீழே வந்து, ஒரு பாட்டைக்கூட முணுமுணுக்கத் தொடங்கிய பிறகுதான் நாக்கு காலி இடத்தில் போய் முட்டியது. பல்லை மேலேயே விட்டுவிட்டேன். நிமிர்ந்து பார்த்தால் பால்கனியில் அவள். கையில் சோளமட்டையில் மடித்துக் கட்டிய சின்னப் பொட்டலம்.

"போடுங்க. பிடிச்சுக்கறேன்," என்றேன்.

"விழுந்தா உடைஞ்சுடும். நாளைக்கு வந்து வாங்கிக்குங்க."

"யாரோட பேசற?" என்று உள்ளிருந்து அம்மாவின் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. அவங்க நாளைக்கும் வராங்களாம்."

முனிர்காச் சந்தில் அந்த ஏழு வண்டிகளையும் மூச்சைப் பிடிக்காமல் தாண்டினேன். அறை வாசலில் நண்பன் கையில் கதிரோடு காத்திருந்தான். எங்கள் ஊரில் சம்பந்தம் முடிவாகாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அதனால் அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

"கை நனச்சாச்சாவே?"

"கையா? பல்லையே வச்சிட்டு வந்திருக்கேன்," என்றேன்.