சல்லடை இரைச்சலில் ஓர் எஸ்

நேற்று அக்காவின் கருமாதி முடிந்தது. பத்தாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய சுலோஜனா அக்கா, இலங்கை மலையகத்தில் லுணுகலைக்கு மேலே எங்கள் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் சல்லடை மெசினில் நின்றவள். அந்தத் தூசியில் அவளுக்கு இழுப்பு வந்தது. இடம் மாறாவிட்டால் வேலையையே விட வேண்டும் என்ற நிலை.

அப்போதுதான் வெளிநாட்டுப் பயணிகளுக்குத் தொழிற்சாலையைச் சுற்றிக்காட்ட ஆள் தேடினார்கள். அக்கா கேட்டுப் போனாள். முகாமையாளர் தர்மராசா, யாழ்ப்பாணத்துக்காரர், அவளை ஆங்கிலத்தில் பேசவைத்துக் கேட்டார்.

"பிள்ளை, உம்மட எஸ் எல்லாம் ஒரே சீறலாக் கிடக்கு. கப்ஸுக்கு வாற எஸ் வேற, இலையைச் சொல்லுற லீவ்ஸுக்கு வாற எஸ் வேற. மூண்டு மாசம் கழிச்சு வாரும்."

கல்லூரியில் ஆங்கிலம் படித்த என் காதில்கூட அந்த வித்தியாசம் விழுந்ததில்லை. அக்கா போனில் தேடிப் பிடித்தாள். தொண்டையில் விரல் வைத்துச் சொல்ல வேண்டுமாம். கப்ஸின் கடைசி எழுத்து வெறும் காற்று. லீவ்ஸின் கடைசி எழுத்து வண்டுபோல் ரீங்கரிக்கும், விரல் அதிரும்.

நாங்கள் இருந்த வரிசை வீடான லயத்தில் சொல்லிப் பார்த்தால் சுவருக்கு அந்தப்பக்கக் காம்பராவுக்குக் கேட்கும். அதனால் மெசின் ஓடும்போது பழகினாள். அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்காது. ஓர் ஒலியைக் காதால் அல்ல, விரல்நுனியால் கற்றிருக்கிறாள். இதை நினைக்கும்போதெல்லாம் மலைத்துப் போகிறேன்.

"என்னாடி, எந்நேரமும் தொண்டையத் தடவுற? மீன்முள்ளு சிக்கிருச்சா?" என்றாளாம் கூட வேலை செய்த ஜெயலெட்சுமி.

"ஆமாக்கா, இங்கிலீசு முள்ளு."

மூன்று மாதம் கழித்து தர்மராசா அவளைத் தேநீர் சுவைபார்க்கும் அறைக்குக் கூப்பிட்டார். மெசின் சத்தம் எட்டாத அறை. அங்கே தன் வாயிலிருந்து என்ன வருமென்று அவளுக்கே தெரியாது. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொழுந்து வாடுவதிலிருந்து ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினாள். கப்ஸ் சீறியது. ட்ரேஸ், பைகளைச் சொல்லும் பேக்ஸ், லீவ்ஸ் எல்லாம் ரீங்கரித்தன. பாதியில் நின்றுவிட்டாள்.

"ஏன் பிள்ளை நிப்பாட்டிட்டீர்?"

"ஒன்னுமில்லீங்க தொரை. என் சத்தத்தையே கேட்டுக்கிட்டு இருந்தேன்."

தர்மராசா கையிலிருந்த தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தாராம்.

"ஆர் படிப்பிச்சது?"

"யாருமில்லீங்க. சல்லடைக்கிட்ட நின்னு நானாத்தான்."

"சரி, மிச்சத்தையும் சொல்லும். திங்கக்கிழமை வாற வெளிநாட்டுப் பயணிகளுக்கும் நீர்தான் சொல்லவேணும்."