டாங்கிக்குள் இறங்கிய இருதயநாதன்

இது நடந்த கதை. கையில் கொதிக்கிற டீயோடு சொல்கிறேன், பொய் சொன்னால் என் நாக்கு வெந்துபோகட்டும். ஆனால் ஒன்று, புளித்த மாவு பொங்கத்தான் செய்யும். என் கதையும் அங்கங்கே கொஞ்சம் பொங்கும். நீங்கள்தான் கரண்டி விட்டு அமுக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த டீக்கடைக்கு எதிரே மீன் விற்கிறாரே ரோசலின் அக்கா, அவருடைய வீட்டுக்காரர்தான் இருதயநாதன். ஜங்லிகாட்டில் படகு எஞ்சின் ரிப்பேர் பார்க்கிறவர். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தபோது அவர் எடுத்த வாந்தியில் கடல் ஒரு சாண் உயர்ந்து, கப்பல் சீக்கிரமே கரை சேர்ந்ததாம். அடுத்த கப்பலிலேயே திரும்பிப் போகச் சொன்னார்கள். மாட்டேன் என்று பட்டறையில் பாய் விரித்துவிட்டார். துருப்பிடித்த நட்டைக்கூட வெட்ட மாட்டார். எண்ணெய் விட்டு, தட்டி, கொஞ்சி, அதுவே வெட்கப்பட்டுக் கழலும்வரை உட்கார்ந்திருப்பார்.

போன கோடையில் அவர் மகள் ஷீபாவுக்கு நிச்சயதார்த்தம். புரோத்ராபூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் மறுநாள் வருகிறார்கள். குழாயில் மூன்று நாளைக்கு ஒருமுறைதான் தண்ணீர். அன்று சாயங்காலம் முறை. தண்ணீர் டாங்கி காலியாக இருக்கிற நேரத்தில்தானே கழுவ முடியும்? மத்தியானச் சாப்பாட்டை ஒரு பிடி பிடித்துவிட்டு, மொட்டைமாடியில் இருக்கிற கறுப்பு டாங்கிக்குள் இறங்கினார்.

இறங்கும்போது தொப்பை மேலே ஒதுங்கி வழிவிட்டது. துடைத்து முடித்து ஏறும்போது அதே தொப்பை கீழே சரிந்து, டாங்கி வாயில் கப்பென்று அடைத்துக்கொண்டது. பக்கத்து வீட்டு விஜயன் கையைப் பிடித்து இழுத்தார். கைதான் ஒரு முழம் நீண்டது, ஆள் திரும்ப உள்ளேயே சரிந்தார்.

"இருதயம் அண்ணே, ஆக்ஸா பிளேடு இருக்கு. அரே, அஞ்சு நிமிஷ வேலை. வெட்டிடலாம்."

"வெட்டுனா தண்ணிய உன் வாயிலயால பிடிச்சு வைக்க?"

ரோசலின் அழுதார். "டாங்கி போனா போவட்டும், நீங்க வெளிய வாங்க."

"ஏட்டி, நாளைக்கு வாரவுகளுக்கு என்னத்தக் கொடுப்ப? கடத்தண்ணியவா? தண்ணி வரட்டும். நான் மிதந்தே வாரேன்."

சொல்லிவிட்டார். ஆனால் உள்ளே இருந்துதான் பார்க்க வேண்டும். தலைக்கு மேலே வட்டமாக ஒரு துண்டு வானம். அதைத் தவிர எல்லாம் இருட்டு. கறுப்புச் சுவர் வெயிலைக் குடித்துக் குடித்து உடம்பின் மேல் கக்கியது. உட்கார்ந்தால் முட்டி இடித்தது, நின்றால் கால் கடுத்தது. மூச்சு விட்டால் அந்த மூச்சே திரும்ப வந்து முகத்தில் அறைந்தது. மீன்பெட்டியிலிருந்து ரோசலின் போட்ட ஐஸ் கட்டி, கைக்கு வருமுன் வெந்நீராகிவிட்டது. 'இதுதான் என் கல்லறையா?' என்று நிஜமாகவே பயந்தார். இந்த இடத்தில் நான் எதையும் பொங்கவிடவில்லை.

கடைசியில் அவர் வாயிலிருந்தே வந்தது. "விஜயா... வெட்டிருல."

விஜயன் பிளேடை வைத்து ஒரு இழுப்பு இழுத்தார். கர்ரென்ற சத்தம் உள்ளே இருதயநாதனின் பல்லுக்குள் இறங்கியது. அதே நேரம் கீழே டங் டங்கென்று இன்னொரு சத்தம். ஷீபா குடம், குண்டான், வாளி எல்லாவற்றையும் குழாயடியில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தாள். அத்தனையும் காலி.

"நிறுத்துல!" என்று கத்தினார். டாங்கியே அதிர்ந்தது. "போய் டீ குடி. நான் இருக்கேன்."

இருந்தார். வெயில் சாய்கிறவரை இருந்தார்.

"பானி ஆயா! பானி ஆயா!" தண்ணீர் வந்துவிட்டதென்று தெருவே கூவியது. டாங்கிக்குள் இருந்த குழாயும் இருமி, துப்பி, பிறகு கொட்டியது. கணுக்கால், இடுப்பு, மார்பு. பாதியிலேயே தண்ணீரை நிறுத்தப் பார்த்த மிதவைப் பந்தைக் கையால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். தொப்பை மெல்ல மிதந்து, இறங்கியபோது இருந்ததுபோலவே மேலே ஒதுங்கியது. பந்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். விஜயன் இழுத்தார். 'ப்ளக்'கென்று சோடா மூடிபோல வந்து விழுந்தார். எழுந்ததும் டாங்கிக்குள் எட்டிப் பார்த்தார். தளும்பத் தளும்ப நிறைந்திருந்தது. பிளேடு கீறிய கோடு மட்டும் இன்றைக்கும் இருக்கிறது. அந்தத் தண்ணீரில்தான் நிச்சயதார்த்தம் ஜாம்ஜாமென்று...

"அண்ணே, ஒரு நிமிஷம்," என்றான் பெஞ்சில் டீ குடித்துக்கொண்டிருந்த குணா. "அன்னிக்கு எங்களுக்கெல்லாம் டீ போட்டது எந்தத் தண்ணில?"

பெஞ்சில் இருந்த எல்லாரும் தங்கள் டம்ளருக்குள் குனிந்து பார்த்தார்கள்.

"மூணு டம்ளர் குடிச்சேனே, பாவி!" சொர்ணம்மா பெஞ்சை விட்டு எழுந்தாள். "உப்புக் கரிக்குதுன்னு அப்பவே சொன்னேன்!"

"கொதிக்க வெச்சுத்தான கொடுத்தேன்!" எதிர்க்கடையிலிருந்து ரோசலின் அக்கா மீன்கத்தியோடு வந்தார். "அஞ்சு மணி நேரம் அந்த மனுசன் வெந்தது உங்களுக்காகத்தான!"

"வெந்தாருல்ல, அந்த வேர்வையத்தான் குடிச்சிருக்கோம்!" என்று குதித்தான் குணா.

"வெட்டலாம்னு நான் அப்பவே..." என்று கடை மூலையிலிருந்து ஆரம்பித்த விஜயன்மேல் குணாவின் டீ கொட்டியது. யாருடைய செருப்போ என் காதை உரசிக்கொண்டு பறந்தது.