இருப்புத் தானுந்து

கிடங்குக்காரருக்குக் கார் ஓட்டத் தெரியாது. முன்னிருக்கையில் உட்காரச் சொன்னால்கூடப் பின்னாலேயே சௌகரியம் என்பார். குழாய்களும் கைகழுவும் தொட்டிகளும் கூரைவரை அடுக்கிய கிடங்கு ஒன்றுக்கு இருபத்திரண்டு வருடமாகப் பொறுப்பாளர். அவர்தான் இணையக் கலைக்களஞ்சியத்தில் ஒரு கார்ப் பந்தய வீரரைப் பற்றி முப்பத்தெட்டுச் சான்றுகளோடு கட்டுரை எழுதியிருக்கிறார்.

அங்கே போய்ச் சேர்ந்ததே விலாசம் தவறித்தான். தொழில் விஷயமாக ‘சரக்கு’ என்று தேடினார். ‘சரக்குக் கார் ஓட்டுநர்’ என்று ஆறு வரி வந்தது. யாரோ லாரிக்காரர் என்று நினைத்துப் படித்தார். வீரர் கம்பத்திலிருந்து கிளம்பினாராம், பாதியில் குழிக்குள் இறங்கிச் சக்கரம் மாற்றினாராம், அப்படியும் ஜெயித்தாராம். இயந்திரம் மொழிபெயர்த்துப் போட்டுவிட்டுப் போன வேலை. குழியில் இறங்கிய வண்டி எப்படி ஜெயித்தது என்று அவருக்கு மண்டை குடைந்தது. எட்டே மாதத்தில் விஷயத்தைக் கரைத்துக் குடித்துவிட்டார். ஆங்கில ‘போல்’ கம்பமாகவும் ‘பிட்’ குழியாகவும் ஆன கதை புரிந்தது. அவர் கையில் கம்பம் முன்வரிசையின் முதல் இடமாயிற்று. குழி, தடத்தோரப் பழுதுநிறுத்தம் ஆயிற்று.

ஞாயிற்றுக்கிழமை கலைக்களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் வர வேண்டியது அந்தக் கட்டுரை. தேர்வுப் பொறுப்பு ஒரு மருந்தாளுநர் அம்மாவிடம். இயந்திரம் ‘சரக்குக் கார்’ ஆக்கியதை இவர் ‘ஸ்டாக் கார்’ என்று ஆங்கிலமாகவே எழுதியிருந்தார். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குள் அது தமிழாக வேண்டும், இல்லையென்றால் கட்டுரை நிற்கும் என்று தொலைபேசியில் சொன்னார். ஸ்டாக் என்றால் இருப்பு, கார் என்றால் தானுந்து; அவர் தந்த சொல் ‘இருப்புத் தானுந்து’.

இருபத்திரண்டு வருடமாகப் பதிவேட்டில் ‘இருப்பு’ என்றே எழுதிவந்த மனிதர், அந்தச் சொல்லை உள்ளே விடமாட்டேன் என்று கதவடைத்தார். எண்ணிப் பார்க்காமல் எதையும் ஏற்காதவர் என்பதால் ஒரு சோதனையும் செய்தார். காலிப் பெட்டியொன்றில் அந்தச் சொல்லைக் கொட்டை எழுத்தில் எழுதி, உள்ளே என்ன இருக்கும் என்று சுமை தூக்குபவரைக் கேட்டார்.

“இருப்புப் பாதை மாதிரியாண்ணே? இரும்பு வண்டி. தனியா தூக்க மாட்டேன், இப்பவே சொல்லிட்டேன்.”

வீட்டில் மனைவியைக் கேட்டார்.

“இருப்புன்னா நகராம கெடக்கறது,” என்றார் அவர், துணி மடித்துக்கொண்டே. “லீவு நாள்ல உங்கள மாதிரி.”

“பந்தயத்துல ஓடற வண்டிடி அது!”

“அப்ப உங்களுக்கும் அதுக்கும் என்னங்க சம்பந்தம்?”

வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்கு மருந்தாளுநரை அழைத்தார்.

“சுமைக்காரர் சொன்னது, வீட்டம்மா சொன்னது எல்லாம் சான்றாகாது சார்.”

“எங்க வீட்ல அதுக்கு மேல சான்று கெடையாதும்மா.”

“சிரிக்காதீங்க சார். இங்கிலீஷ்லயே ஸ்டாக் கார்னு போட்டா நாளைக்கு என்னைத்தான் கேப்பாங்க.”

“சரி, ஒண்ணு கேக்கறேன். உங்க கடையில மாத்திரை பேரத் தமிழாக்கித்தான் கொடுக்கறீங்களா?”

“பேர எப்படி சார் மாத்த முடியும்? மாத்தினா வேற மருந்த முழுங்கிடுவாங்க. எதுக்கு, எப்ப, எத்தனைன்னு உறைமேல தமிழ்ல எழுதுவோம்.”

“நானும் அதத்தான் செஞ்சிருக்கேன். முதல் வரியப் பாருங்க.”

மறுமுனையில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. ‘ஸ்டாக் கார்: கடையில் விற்கும் காரின் சாயலில், பந்தயத்துக்கென்றே கட்டப்படும் வண்டி.’ மருந்தாளுநர் அதை வாய்விட்டு ஒருமுறை படித்தார். கடையில் யாரோ இருமலுக்கு மருந்து கேட்டார்கள். “ஒரு நிமிஷம்” என்றார். அது கிடங்குக்காரருக்கா, இருமல்காரருக்கா என்பது தெரியவில்லை.

“போட்டுக்கறேன் சார்,” என்றார் திரும்பி வந்து. “ஆனா ‘மாபெரும்’ங்கறது மூணு எடத்துல இருக்கு. மூணையும் எடுத்துடுவேன்.”

கிடங்குக்காரருக்கு அந்த மூன்றும் பிரியமானவை. ஆனாலும் லாரியில் ஏறுகிற எந்தச் சுமையிலும் இரண்டு மூன்று தொட்டி விரிசல் விடத்தான் செய்யும். சேதாரமாக வைத்துக்கொள்ளுங்கள் என்று பெருந்தன்மையோடு சொன்னார். ஞாயிறு காலை கட்டுரை முதல் பக்கத்தில் வந்தது. ‘மாபெரும்’ இல்லாமலும் வீரர் எல்லாப் பந்தயத்தையும் ஜெயித்திருந்தார்.