குறைத்தாலும் உறுமும் ஆம்ப்

பிள்ளைகளே, கடையில் என் மகளைத் திட்டியதை இன்னும் மறக்க முடியவில்லை.

நான் கிள்ளான் துறைமுகத்தில் இரவு வேலை பார்ப்பவன்; பகலில்தான் தூக்கம். மெட்டல் இசை வாசிக்கும் அவளுக்கு கிட்டார் ஆம்ப், அதாவது ஒலிபெருக்கி, வாங்க பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைக்குப் போனோம். அவளோ ஒவ்வொரு ஆம்ப்பிலும் சத்தத்தை அடியோடு குறைத்தே வாசித்துப் பார்த்தாள்.

“கூட்டி வாசி லா! என்ன வெக்கம்?” என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன்.

“கூட்டுனா எல்லாமே உறுமும்ப்பா. கொறச்சாலும் உறுமுறதுதான் வேணும். நீங்க தூங்குறப்போ நான் வாசிக்கணும்ல?”

கடைக்காரர் சிரித்தார். “அங்கிள், உறுமலுக்கு கெய்ன், சத்தத்துக்கு வால்யூம்; ரெண்டும் வேற லா. பாப்பாவுக்குத் தெரியுது.”

அவள் தேர்ந்தெடுத்த சின்ன ஆம்ப்பையே வாங்கினோம்.

இப்போது கதவுக்கு அந்தப் பக்கம் அது மெல்ல உறும, நன்றாகத் தூங்குகிறேன். அவள் நிறுத்தினால்தான் விழிப்பு வருகிறது.