கோமதி கேட்ட ஒன்பது கேள்விகள்

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு என் செல்பேசியில் கோமதியின் பெயர் வந்தது. பேசியது அவள் தங்கை. "மாமி, அக்கா விடியக்காலைல போயிட்டா. ஹார்ட்டுன்னு சொல்றாங்க. செம்பூர் வீட்டுக்கு வாங்க" என்றாள். கோமதிக்கு ஐம்பத்து மூன்று வயது. எனக்கு எழுபத்தைந்து. இந்த வரிசை தவறு என்று யாரிடம் முறையிடுவது? புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினேன்.

உங்களில் பலருக்கு அவள் டாக்டர் கோமதி. இளைஞர்களின் வீடியோ கேம் அடிமைத்தனத்தை ஆராய்ந்த உளவியலாளர். எனக்கு அவள் கோமதி. அப்படியே எழுதுகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன், என் கணவர் காலமாகிச் சில மாதங்கள் ஆகியிருந்தபோது, மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு வந்து, நல்ல தமிழ் எழுதத் தெரிந்தவர் உண்டா என்று கேட்டாள். ஆய்வுக்கான கேள்வித்தாளை யாரோ ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியிருந்தார்கள். கான்வென்ட்டில் படித்து, முப்பது ஆண்டு ஓர் அலுவலகத்தில் செயலாளராக இருந்தவள் நான். பிழையுள்ள தாளைக் கையில் வைத்திருக்க என்னால் முடியாது. பதினோரு இடங்களில் திருத்திக் கொடுத்தேன். "பன்னெண்டாவத விட்டுட்டீங்க மாமி" என்றாள் கோமதி. 'உங்கள் அறையில் தனியாக விளையாடுவீர்களா?' என்ற வரியின்மேல் அவள் விரல் இருந்தது. "தாராவில யாருக்கு மாமி தனி ரூம்? நான் அங்க பொறந்தவ. ஏழு பேருக்கு ஒரு ரூம். பரீட்சைக்குப் படிச்சதெல்லாம் ஏணிப்படில." மறுநாளே அவளிடம் வேலைக்குச் சேர்ந்தேன்.

வீடு வீடாகப் போய், தமிழ் பேசினாலும் படிக்கத் திணறும் பிள்ளைகளுக்கு ஒன்பது கேள்விகளையும் வாசித்துப் பதிலைக் குறிப்பது என் வேலை. விளையாடாதபோதும் அதே நினைப்பா, நிறுத்தச் சொன்னால் எரிச்சல் வருகிறதா, வீட்டில் பொய் சொன்னதுண்டா என்று கேள்விகள் போகும். 'ஆம்' என்ற பதில்களை எண்ணி மூலையில் எழுதுவேன். அந்த எண்ணை வீட்டாரிடம் சொல்லக்கூடாது என்பது கோமதியின் முதல் விதி. "அது மார்க் இல்ல மாமி. யாரையும் பாஸ் ஃபெயில் ஆக்க நாம வரல" என்பாள். நானும் தலையாட்டுவேன். மனதுக்குள் எனக்கு அது மார்க்காகத்தான் இருந்தது.

மூன்று ஆண்டுகளுக்கு முன் தாராவியில் ஒரு பெண்ணிடம் போனோம். செல்வி என்று வைத்துக்கொள்வோம். அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரையும் அவள் அப்பாவின் தொழிலையும் மாற்றியிருக்கிறேன். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படித்தாள். அப்பாவுக்குத் தோல்பை தைக்கும் பட்டறை. காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, முகம் தெரியாதவர்களோடு இந்தியில் கத்தியபடி செல்பேசியில் துப்பாக்கிச் சண்டை விளையாடுவாள். ஒன்பதில் ஏழுக்கு 'ஆம்' என்றாள். சிவப்பு மையில் ஏழு என்று எழுதி வட்டமிட்டேன். டீ கொண்டுவந்த அவள் அம்மா அதைப் பார்த்துவிட்டாள்.

"நல்ல மார்க்கா, கெட்ட மார்க்காம்மா?"

பொய் சொல்லாதே என்று கன்னியாஸ்திரிகள் வளர்த்த பெண் நான். "இதுல கூடினா நல்லதில்லை" என்றேன்.

நான்கு நாள் கழித்து, மறுசந்திப்புக்காகப் பகல் மூன்று மணிக்குப் போனேன். வாசலில் ஒரு பெரிய பை கட்டி வைக்கப்பட்டிருந்தது. செல்வி முழங்காலில் முகம் புதைத்துச் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். பட்டறையில் இருக்கவேண்டிய அப்பா வீட்டில் இருந்தார்.

"வாங்க மாமி. கேம் கிறுக்கு புடிச்சிருக்குன்னு எழுத்துலயே போட்டுட்டீயளே. இன்னைக்கு ராத்திரி தாதர்ல வண்டி. ஊர்ல எங்க அக்கா வீட்ல விடுதேன். படிச்சது போதும். தைக்குள்ள ஒரு மாப்பிள்ளையப் பாத்து முடிச்சிருவோம்."

நான் அப்படிச் சொல்லவில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லியிருந்தேனே. சந்துக்கு வந்து கோமதியை அழைத்து, நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். "அங்கயே நில்லுங்க. யாரையும் கெளம்ப விடாதீங்க" என்றாள்.

முக்கால் மணியில் வந்து சேர்ந்தாள். "அண்ணாச்சி, அந்த ஏழ உங்ககிட்ட சொன்னது எங்க தப்பு. மொதல்ல மன்னிச்சுக்கிடுங்க" என்றாள். 'எங்க' என்றபோது என் பக்கம் திரும்பவில்லை.

"மன்னிப்பெல்லாம் எதுக்கு டாக்டரம்மா? உண்மையத்தான சொன்னீய?"

"அப்ப அதே ஒம்பது கேள்விய உங்ககிட்ட கேக்கட்டுமா? கேம்ங்கிற எடத்துல பட்டறைன்னு வச்சுக்கிடுங்க."

அவர் சிரித்தார். "கேளுங்க. நமக்கென்ன பயம்?"

"வீட்ல இருந்தாலும் பட்டறை நெனப்புதானா?"

"பின்ன? ஆர்டர் நிக்குதுல்லா."

"பட்டறைக்குப் போக முடியலன்னா எரிச்சல் வருமா?"

"வருமாவா?" என்றாள் மனைவி. "லாக்டவுன்ல சோத்துச் சட்டியத் தூக்கி எறிஞ்ச மனுசன்."

"ஏட்டி, நீ சும்மா கெட."

"எவ்வளவு நேரம் ஆகும்னு வீட்ல பொய் சொன்னதுண்டா?"

செல்வி முகத்தைத் தூக்கினாள். "டெய்லி ஃபோன்ல 'பாஞ்ச் மினிட்', அஞ்சே நிமிசம்பாரு. ரெண்டு மணி நேரம் ஆவும்."

ஒன்பதும் முடிந்ததும் கோமதி எட்டு விரல்களைக் காட்டினாள். "உங்களையும் வண்டி ஏத்திரலாமா அண்ணாச்சி?"

அவர் முகம் இறுகிவிட்டது. "பட்டறை சோறு போடுது. கேம் என்ன போடுது?"

"நியாயமான கேள்வி. அத இந்தத் தாள் கேக்கல. இவளால நிறுத்த முடியலையா, நிறுத்த மனசில்லையா, வேற எதுக்கோ பயந்து அதுக்குள்ள போய் உக்காந்திருக்காளா, எனக்கு இன்னும் தெரியாது. இவகூட நான் தனியாப் பேசணும்."

"தனியா எங்க பேச? வீடே இதான்."

"நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்க."

ஒருவரை அவர் வீட்டை விட்டே வெளியேறச் சொல்கிறாள். கத்தப்போகிறார் என்று நினைத்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார். கதவு மூடிக்கொண்டது.

நாற்பது நிமிடம் அவரும் அவர் மனைவியும் நானும் சந்தில் நின்றோம். மேல்மாடியில் தையல் இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. "ஆறு மணிக்குக் கெளம்புனாத்தான் சரியா இருக்கும்" என்று இரண்டு முறை சொன்னார். கைக்கடிகாரத்தைப் பார்ப்பார், கதவைப் பார்ப்பார். திடீரென்று என்னிடம் திரும்பி, "ஒங்க வீட்டுப் பொண்ணுன்னா விட்டிருப்பீயளா மாமி?" என்று கேட்டார்.

"எனக்குப் பெண் இல்லை."

"அதான்" என்றார்.

கதவு திறந்தது. "என்ன சொன்னா?" என்று பாய்ந்தார்.

"அதச் சொல்லக்கூடாது அண்ணாச்சி. ஒரு தடவ சொல்லிப் பட்டது போதும். நாலு வாரம் குடுங்க, வாராவாரம் நான் வாரேன். வைத்தியம் வேணும்னா நானே கூட்டிட்டுப் போறேன். காலேஜ மட்டும் நிறுத்தாதீய."

அவர் மனைவி உள்ளே போய், பையை அவிழ்த்து, மகளின் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடியில் போட ஆரம்பித்தாள். அவர் பார்த்துக்கொண்டே நின்றார். "ஏட்டி, அந்த டிக்கெட்டு..." என்று தொடங்கியவர் முடிக்காமல் பட்டறைப் பக்கம் நடந்துவிட்டார்.

வேலையை விட்டுவிடுகிறேன் என்று திரும்பும் வழியில் சொன்னேன். "அது ரொம்ப ஈஸி மாமி. நாளைக்குப் பத்து மணிக்கு வாங்க. இன்னும் அறுபது வீடு இருக்கு" என்றாள். செல்வியின் தாளை ஆய்விலிருந்து எடுத்துவிட்டு, விதிமீறல் தன் பொறுப்பில் நடந்ததென்று ஆய்வுக்கு அனுமதி தந்த குழுவுக்குக் கடிதம் எழுதினாள். என் பெயரும் அதில் இருந்தாக வேண்டும் என்று நான் சண்டையிட்டுத்தான் சேர்க்க வைத்தேன். ஒரு வாரம் அவள் வேலையைத் தவிர வேறெதுவும் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வேண்டியதுதான்.

சொன்னபடி நான்கு வாரமும் போனாள். அதற்குப் பிறகும் போனாள். செல்வி பட்டம் வாங்கி இப்போது விக்ரோலியில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்னமும் விளையாடுகிறாளாம்.

செவ்வாய்க்கிழமை செம்பூர் வீட்டில் அவளும் ஒரு மூலையில் நின்றாள். "நீ யாரும்மா? அக்காவ எப்படித் தெரியும்?" என்று கோமதியின் தங்கை கேட்டாள். செல்வி என்னைப் பார்த்தாள். "எனக்குத் தெரிஞ்ச பொண்ணு" என்றேன்.

சாலைக்கு வந்ததும் கேட்டாள்: "மாமி, அன்னைக்கு உள்ள நான் என்ன சொன்னேன்னு டாக்டர் உங்ககிட்ட சொன்னாங்களா?"

"இல்லை."

"இந்த மூணு வருஷத்துல? ஒரு தடவகூடவா?"

"ஒரு தடவகூட இல்லை."

அதுவரை அழாத பெண் அங்கேதான் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான் சொல்லட்டுமா?" என்றாள். வேண்டாம் என்றேன்.

கோமதி எனக்கு விட்டுப்போனது இதுதான். அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு பெண் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. கடைசிவரை தெரியாமலே வைத்திருப்பேன்.