வெள்ளிக்கிழமைக்குள் தீர்ந்துபோகும் பேட்டரி

ஏவ்ரில் ஸ்டெயின்டனைக் கூப்பிடுவதற்கு முன்னால் எங்கள் பக்கத்தில் எல்லோரும் ஒரு புது பேட்டரி வாங்கிவிடுவார்கள். அதுவும் செத்த பிறகுதான் அவள் நம்பரைத் தேடுவார்கள். இங்கிலாந்தில் இந்த யார்க்ஷயர் கடற்கரையில் காருக்குப் பின்னால் கேரவன் என்கிற வீட்டு வண்டியை மாட்டிக்கொண்டு திரிகிற ஆண்களில், தன் வண்டியைப் பற்றித் தனக்குத் தெரியாது என்று ஒத்துக்கொண்டவரை நான் இன்னும் பார்க்கவில்லை.

ஏவ்ரிலுக்கு ஐம்பத்தாறு வயது. இருபத்திரண்டு வருஷம் தொலைபேசிக் கம்பங்களில் ஏறி லைன் பழுது பார்த்தவள். முழங்கால் மக்கர் பண்ண ஆரம்பித்ததும் கம்பத்திலிருந்து இறங்கி, கேரவன் பழுது பார்க்கக் கிளம்பினாள். கை வேலையைவிட வாய் வேலை அதிகம். வண்டியைத் தொடுமுன் அரை மணி நேரம் கேள்வி கேட்பாள். பதிலை ஒரு நீல நோட்டில் எழுதிக்கொள்வாள்.

"நீ மெக்கானிக்கா, போலீஸாம்மா?" என்று கிளிஃபர்ட் ஹார்க்கரும் கேட்டார்.

"போலீஸ்னா இந்நேரம் டீ குடுத்திருக்க மாட்டீங்களே."

கிளிஃபர்டுக்குச் சிரிப்பு வரவில்லை. எழுபத்து மூன்று வயது. தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிற கோளாறு. இரண்டு வருஷமாக மூக்கில் கவசம் மாட்டி, மூச்சு இயந்திரத்தோடுதான் படுக்கிறார். அவரும் மனைவி மேவிஸும் வருஷா வருஷம் மே மாதக் கடைசியிலும், நடுநடுவே ஒன்றிரண்டு வாரக் கடைசியிலும் ஒரு பண்ணைக்காரரின் வயலுக்குப் போவார்கள். ஐந்து கேரவனுக்கு மட்டும் இடம். ஒரு குழாய் உண்டு, கரண்ட் கிடையாது. இயந்திரம் பேட்டரியில்தான் ஓடியாக வேண்டும். போன கோடையிலிருந்து மூன்று தடவை போனார்கள். மூன்று தடவையும் முதல் ராத்திரி முடிவதற்குள் இயந்திரம் நின்றுபோய், மறுநாள் காலையிலேயே வீடு திரும்பினார்கள்.

"வித்துரலாம்னு முடிவு பண்ணியாச்சு," என்றார் கிளிஃபர்ட். "சனிக்கிழமை ஹல் ஊர்லேர்ந்து வாங்குற ஆள் வர்றான். இவதான் உன்னைக் கூப்பிடணும்னு ஒத்தக்கால்ல நின்னா."

"நான் ரெண்டு கால்லயும்தான் நின்னேன்," என்றாள் மேவிஸ். "ஏவ்ரில் கண்ணு, நீ கேளு. இவர் பேச்சை எழுதாத."

கேரவன் நிற்பது அவர்கள் வீட்டில் இல்லை. ஊருக்கு வெளியே வேறொரு பண்ணையில், இன்னும் நாற்பது வண்டிகளோடு நிற்கிறது; அங்கேதான் இப்போது மூவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். பேட்டரியை கிளிஃபர்ட் வீட்டில் முழுதாக சார்ஜ் ஏற்றி, பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து மாட்டுவார். அன்றைக்கே மேவிஸ் உள்ளே துடைத்துச் சுத்தம் செய்துவிடுவாள். வெள்ளிக்கிழமை கிளம்பும்போது பேட்டரி கிட்டத்தட்ட காலி; வழியில் கார் ஏற்றுகிற கொஞ்ச சார்ஜ் பாதி ராத்திரிக்குத்தான் வரும்.

"அப்போ வயல்ல தீரலை. இங்கயே, இந்த அஞ்சு நாள்ல தீருது," என்றாள் ஏவ்ரில். "இயந்திரம் அப்போ எங்க இருக்கும்?"

"எங்க இருக்கும், வீட்ல என் கட்டில் பக்கத்துலதான்."

"அப்போ அது மேல ஏன் பழி?"

கிளிஃபர்ட் டீக்கோப்பையைப் பார்த்தார். "புதுசா வந்தது அது ஒண்ணுதானேம்மா. பதினேழு வருஷமா இல்லாத தொந்தரவு, நான் மூக்குல குழாய் மாட்டின பிறகு வருது. மெயின் சுவிட்சை நானே என் கையால அணைக்கிறேன். பேட்டரியும் ரெண்டு மாத்தியாச்சு. வேற என்னத்தைச் சொல்ல?"

ஏவ்ரில் பேட்டரிப் பெட்டியைத் திறந்தாள். நெகட்டிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை மாட்டினாள். வண்டிக்குள் எது கரண்ட் குடித்தாலும் இனி இந்த மீட்டரைத் தாண்டித்தான் போக வேண்டும். மெயின் சுவிட்ச் அணைந்திருந்தது. மீட்டர் காட்டியது 0.02 ஆம்பியர். திருட்டு அலாரத்துக்குப் போகிற துளி. அந்த வேகத்தில் பேட்டரி காலியாக ஆறு மாசமாவது ஆகும்.

ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தாள். தண்ணீர் பம்ப், ரேடியோ, கூரை விளக்கு. எண் அசையவில்லை.

"பாத்தியா," என்றார் கிளிஃபர்ட். குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை.

ஏவ்ரில் படியில் உட்கார்ந்து உள்ளே பார்த்தாள். மெத்தைகள் வரிசையாக, அலமாரிக் கதவுகள் மூடி, கெண்டி கைப்பிடிகூட ஒரே திசையில். படம் எடுக்கலாம் போல இருந்தது.

"மேவிஸ், வாரம் பூரா இப்பிடித்தான் இருக்குமா?"

"ஐயய்யோ, இல்ல. ஆள் வர்றாங்களேன்னு காலையில வந்து எல்லாத்தையும் சரி பண்ணேன். ஒரு மரியாதை வேண்டாமா?"

"மரியாதை எல்லாம் இருக்கட்டும். நான் வரவே இல்லன்னு நினைச்சுக்குங்க. இன்னைக்கு ஞாயித்துக்கிழமை, துடைச்சு முடிச்சாச்சு, வீட்டுக்குக் கிளம்புறீங்க. என்னென்ன செய்வீங்களோ, அதை அப்பிடியே செய்யுங்க."

"உன் முன்னாடி வண்டியை அலங்கோலம் பண்ணச் சொல்றியா?"

"ஆமா. நல்லாப் பண்ணுங்க."

ஏவ்ரில் வெளியே போய் மீட்டர் முன் குந்தினாள். உள்ளேயிருந்து மேவிஸ் ஒவ்வொன்றாகச் சத்தம் போட்டுச் சொன்னாள். "மெத்தைய நிமிர்த்தி வச்சாச்சு, காத்துப் போகணும்ல." 0.02. "ஃபிரிட்ஜ் கதவு திறந்தாச்சு." 0.02. "தலைக்கு மேல அலமாரி எல்லாம் திறந்தாச்சு." 0.02. "துணி அலமாரி."

0.85.

"நில்லுங்க! அதை மூடுங்க." 0.02. "திறங்க." 0.85.

ஏவ்ரில் முழங்காலை மறந்து எழுந்து ஓடினாள். துணி அலமாரிக்குள்ளே, மேல் மூலையில், கதவு திறந்தால் எரிகிற குட்டி பல்பு ஒன்று. பட்டப்பகலில், கோட்டுகளுக்குப் பின்னால், எரிகிறது என்றே தெரியவில்லை. இரவும் பகலும் எரிந்தால் ஐந்து நாளில் பேட்டரியைக் குடித்து முடித்துவிடும். மேவிஸ் வெள்ளிக்கிழமை வரும்போது கரண்ட் தீர்ந்து அதுவும் அணைந்திருக்கும்.

"மெயின் சுவிட்ச் அணைஞ்சிருக்கு. இது மட்டும் எப்பிடி எரியுது?" ஏவ்ரில் வயரைத் தடவிக்கொண்டே போனாள். அது நேராக பேட்டரிக்கே போயிற்று. கம்பெனி வயர் இல்லை. பழுப்பு நிறம், மேஜை விளக்கில் இருக்குமே, அது.

மேவிஸ் கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "கிளிஃப், நம்ம ஹால் விளக்கு வயர்தானே இது?"

கிளிஃபர்ட் தொண்டையைச் செருமினார். "வண்டி வாங்கின வருஷம் போட்டது. இருட்டுல வந்து இறங்கினா சுவிட்சைத் தேட வேண்டாம், அலமாரிக் கதவைத் திறந்தா வெளிச்சம் வரட்டுமேன்னு... பதினேழு வருஷம் ஒண்ணும் ஆகலையே!"

"அதான் எனக்கும் புரியலை," என்றாள் ஏவ்ரில். நோட்டைப் புரட்டினாள். "கதவைத் திறந்து வைக்கிறது எப்பவும் உண்டா?"

"முன்னெல்லாம் குளிர்காலத்துல மட்டும்தான் வைப்பேன்," என்றாள் மேவிஸ். "அப்போ பேட்டரியே வண்டியில இருக்காது, வீட்ல இருக்கும். போன வருஷம் இவர் கோட்டுல பூஞ்சணம் பிடிச்சிருந்துது. டாக்டர் வேற, இவர் மூச்சுக்கு பூஞ்சணம் ஆகவே ஆகாதுன்னாரு. அதுலேர்ந்து ஒவ்வொரு தடவையும் திறந்து வச்சுட்டுத்தான்..." பாதியில் நிறுத்தினாள்.

கிளிஃபர்ட் அலமாரிக் கதவை மெல்ல மூடினார்.

"ஆக, என் மூச்சுக்காக நீ கதவைத் திறந்தே. நான் போட்ட வயர் பேட்டரியைக் குடிச்சுது," என்றார் கிளிஃபர்ட்.

"குடிச்சது உங்க மூச்சு இல்லல்ல. அது போதும் எனக்கு," என்றாள் மேவிஸ்.

ஏவ்ரில் கத்தரியை எடுத்தாள். கிளிஃபர்ட் கையை நீட்டி அதை வாங்கிக்கொண்டார். "நான் போட்டது. நானே வெட்டுறேன்." முழங்காலிட்டு, மூச்சு வாங்க, பேட்டரிப் பக்கத்து முனையை முதலில் வெட்டினார். மீதி வயரில் இனி கரண்ட் இருக்காது; இந்தத் தடவை தப்பு செய்யவில்லை.

பேட்டரியை சார்ஜ் ஏற்றி ஞாயிற்றுக்கிழமையே மாட்டினார்கள். சனிக்கிழமை வருவதாக இருந்த ஹல்காரரிடம், இன்னும் ஒரு வாரம் பொறுக்கச் சொல்லியிருந்தார் கிளிஃபர்ட். "காலியாகிக் காலியாகி அடிவாங்கின பேட்டரி. உறுதியாச் சொல்ல முடியாது," என்று ஏவ்ரில் எச்சரித்திருந்தாள். வெள்ளிக்கிழமை காலை, யாரும் கூப்பிடாமலே பண்ணைக்கு வந்தாள். அவளுக்கு எண் தெரிந்தாக வேண்டும்.

அலமாரிக் கதவுகளெல்லாம் அகலத் திறந்து கிடந்தன. மீட்டரை வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை 12.7 வோல்ட் இருந்தது, இப்போது 12.6; கிட்டத்தட்ட முழு சார்ஜ். நோட்டில் எழுதி அடிக்கோடிட்டாள்.

மேவிஸின் கைபேசி அடித்தது. ஹல்காரர். "வண்டி இருக்குதுங்க," என்றாள் மேவிஸ், மெத்தையைக் கீழே சாய்த்துக்கொண்டே. "இருக்குது. ஆனா நாங்க அதுல கிளம்பிக்கிட்டு இருக்கோம்."